மலைமேலிருந்து பார்த்த பெட்டி

வில்லியனூர்ப் பக்கத்துக் கம்பெனியில் பிலவேந்திரனுக்கு ‘ஏரோப்ளேன்’ என்றுதான் பேர். லீவு கிடைத்தால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். இவன் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், ஏர்போர்ட்டுக்கு எதிரே திரிசூலம் மலையேறி விமானம் பார்ப்பான். ஐ.டி.ஐ. முடித்துப் பல்லாவரத்தில் வேலை பழகிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பைத்தியம் அது. சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லிவிடுவான். அந்தக் காதுதான் கம்பெனியிலும் அவனுக்குச் சோறு போட்டது. தகடு அழுத்தும் பெரிய பிரஸ் லேசாக முனகினாலும் ஓடிப்போய் நிறுத்திவிடுவான்.

கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் ஆட்கள் கேட்டை மறித்துப் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு திருகாணிகூட வெளியே போகக்கூடாது. பிரஸ் உள்ளே இருக்கிறவரைக்கும்தான் வேலை. அது போய்விட்டால் மிச்சம் வெறும் ஷெட்.

மேனேஜர் வந்து, பிரஸ்ஸைச் சென்னைக்கு ரிப்பேருக்கு அனுப்பவேண்டும், மாதக் கடைசிக்குள் திரும்பிவிடும் என்றார். ஒருத்தரும் நம்பவில்லை. கேட்டுக் காவலுக்குப் பொறுப்பாக இருந்த வீரமணி திரும்பிப் பார்த்தான்.

“இன்னாடா ஏரோப்ளேன், நெசமா?”

“நெசந்தான்டா. கொஞ்ச நாளாவே உள்ள ஒரு சத்தம் கேக்குது. நாந்தான் மேனேஜர்கிட்ட சொன்னேன். போவட்டும் வுடு.”

கோளாறு உண்மை. அதனால்தான் அவனே நம்பினான். பிரஸ்ஸை வைத்த மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கும்போது கூட நின்றான். லாரிக்காரர்கள் புரட்டிவிடப்போகிறார்களே என்று நீலப் பெயிண்டில் அம்பு போட்டு, ‘இந்தப் பக்கம் மேலே’ என்று கொட்டை எழுத்தில் எழுதினான். அவன் சொன்ன சொல்லுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மூக்கைத் தூக்கித் திறக்கும் ராட்சதச் சரக்கு விமானம் ஒன்று சென்னைக்கு வருவதாக, மலைமேல் கூட நின்று விமானம் பார்க்கும் கூட்டாளிகள் சேதி அனுப்பியிருந்தார்கள். கேட்டில் உட்கார அவன் முறை இல்லை. சர்ச் பூசைக்கும் நிற்காமல் கிளம்பியவனைப் பார்த்து, “ஊரே வேலைக்கு அழுவுது, ஒனக்கு பிளேன் கேக்குதா?” என்றாள் அவன் பெண்டாட்டி ஆனி மேரி. சாயங்காலமே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மலைமேல் விசில் பறந்தது. விமானம் கனத்த வயிற்றோடு தாழ்ந்து இறங்கி, சரக்குப் பக்கம் ஒதுங்கி, மெதுவாக மூக்கைத் தூக்கியது. பேங்கில் வேலை பார்க்கும் பாக்யராஜ் பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவை இவனிடம் நீட்டினான்.

“பாருங்கண்ணா, இன்னாமா வாயத் தொறக்குது! எதையோ ஏத்தறாங்க. எம்மாம் பெரிய பெட்டி!”

பிலவேந்திரன் கண்ணை வைத்தான். இழுவை வண்டிமேல் மரப்பெட்டி நகர்ந்து வந்தது. அதன் பக்கவாட்டில் நீல அம்பு. அம்புக்குக் கீழே அவனுடைய கையெழுத்து.

“எங்க போவுது இது?”

“வெளிநாட்டுக்குத்தான். சரக்க ஏத்திக்கிட்டு அப்படியே பறந்துடுமாம். குடுங்கண்ணா, மூக்கு மூடறதுக்குள்ள எடுக்கணும்.”

அவன் கேமராவைக் கொடுத்துவிட்டு ஒரு பாறை மறைவுக்குப் போய் வீரமணிக்குப் போன் போட்டான்.

“டேய், கேட்ட சாத்து. எந்த வண்டியையும் வெளிய வுடாத.”

“இன்னாடா சொல்ற? காலைலயே ரெண்டு லாரி போயிட்ச்சே. அந்தப் பிரஸ்ஸுக்குப் போவ வேண்டிய சாமான்தான்னு மேனேஜர் சொன்னாரு. நாந்தான் ரிவர்ஸ் பாத்து அனுப்பி வெச்சேன்.”

“பிரஸ் ரிப்பேருக்குப் போவலடா. இங்க பிளேன்ல ஏத்தறான். என் கண்ணு முன்னாடி ஏத்தறான்.”

அந்தப் பக்கம் பந்தலில் யாரோ சீட்டாட்டத்தில் ஜெயித்துக் கத்துவது மட்டும் கேட்டது.

“நீதானேடா போவட்டும்னு சொன்ன,” என்றான் வீரமணி கடைசியில். குரலில் கோபம்கூட இல்லை.

“ஆமாண்டா.”

“நா இவங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு. வூட்டுக்குப் போயிட்டு வராத. நேரா கேட்டுக்கு வா.”

மேலே மறுபடியும் விசில் பறந்தது. பிலவேந்திரன் திரும்பிப் பார்க்காமல் மலை இறங்கினான்.