ஆடிப்பெருக்கும் அண்ணனின் பையும்

பிணத்தைத் தடவிப் பிழைக்கிற ஒருவனை வீரன் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் என் அண்ணன் அப்படி ஒருவனைக் கம்ப்யூட்டரில் வளர்த்துக்கொண்டிருந்தான். யாரோ நகலெடுத்துக் கொடுத்த சிடியில் வந்த விளையாட்டு. குகைக்குள் போக வேண்டும், பூதங்களை வெட்ட வேண்டும், செத்தது கீழே போடுகிற வாளையும் கவசத்தையும் பொறுக்கிப் பையில் திணிக்க வேண்டும். பிறகு அடுத்த குகை. அவ்வளவுதான் கதை.

அந்தக் கம்ப்யூட்டர் விளையாடுவதற்கு வாங்கியதில்லை. எம். புதுப்பட்டி வீட்டு முன்னறையில் நானும் அண்ணனும் வெடி லேபிள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம்தான் சிவகாசியில் ஒரு பிரஸ் எங்களை நம்பிக் காலண்டர் படங்களைக் கொடுத்திருந்தது. காலண்டருக்கு ஆடிப்பெருக்குதான் நாள். அன்றைக்கு மாதிரி ஆல்பம் வெளிவரும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போய்விடுவார்கள். ஆல்பத்தில் இல்லாத படத்துக்கு அந்த வருடம் பிழைப்பில்லை.

"இது மட்டும் கைகூடட்டும் தாயி, நான் வேன் ஏறுறத விட்டுருதேன்" என்றாள் அம்மா என்னிடம். பட்டாசுக் கம்பெனி வேனில் போய் வெடிமருந்து செலுத்துகிற வேலை அவளுக்கு.

ஒருநாள் அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏலே, செத்தவன் மேல கிடக்கத எதுக்குலே எடுக்கான்? எங்க கம்பெனில வெடிச்சா, தோட்டையும் மெட்டியையும் பாத்துத்தாம்லே ஆளு யாருன்னு சொல்லுவோம்."

"இது பொம்மைம்மா" என்றான், திரும்பாமல்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். ஒன்றை வெட்டினேன், ஒன்றும் விழவில்லை. இன்னொன்றை வெட்டினேன். பொன்னிற எழுத்தில் பெயர் மின்ன ஒரு மோதிரம் விழுந்தது. சீ, என் வாய் தானாகச் சிரித்தது. அடுத்ததில் இதைவிட நல்லது விழுமோ என்று விரல் பரபரத்தது. கிடைத்ததன் மேல் ஆசை இல்லை, விழப்போவதன் மேல்தான். எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் சாத்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். படங்கள் முடிந்திருந்தன. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பிரஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் அண்ணன் வேலை. திரும்பி வந்து பார்த்தால், டிஸ்க் கம்ப்யூட்டரிலேயே இருந்தது, அதில் படங்கள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

"டிஸ்க்குல இடமில்ல, ஆட்டம் நின்னு நின்னு போச்சு. பெரிசா இருந்ததப் பாத்து அழிச்சேன். பழைய லேபிள்னு நெனச்சிட்டேன்" என்றான்.

அவனுடைய வீரனின் பையைத் திறந்து பார்த்தேன். உடைந்த கேடயம், துருப்பிடித்த கத்தி, கிழிந்த செருப்பு.

"இதுல ஒண்ணக்கூட அழிக்கலயா?"

"எதுக்காவது ஆகும்னு வச்சிருக்கேன்."

திரையில் இருக்கிற கிழிந்த செருப்பை வீச மனசு வராதவன், அம்மா வீட்டில் இருந்திருக்க வேண்டிய வருடங்களை வீசிவிட்டான். எனக்கு அருவருப்புதான் வந்தது.

வேறு நகல் இல்லை, திரும்ப வரைய நாளும் இல்லை. எங்கள் படம் இல்லாமல் ஆல்பம் வெளிவந்தது. மறுநாள் காலை கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். காதில் கையை வைத்துத் தோட்டின் திருகை இறுக்கினாள்.

"வாரேன் தாயி."

வேன் கிளம்புவதற்குள் முன்னறையிலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"ஏட்டி, இங்கன வந்து பாரேன். நெருப்பே அண்டாத கவசம் ஒண்ணு விழுந்திருக்கு."