ரேஸ் காரில் கலந்த சேலை

ஏகாம்பரம் ஆரணியில் இருபத்தாறு வருஷமாகப் பட்டு நெய்கிறவர். கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனால் ரேஸ் காரை எப்படிச் செய்கிறார்கள் என்று ஊரிலேயே தனக்குத்தான் தெரியும் என்று ஒரு மிதப்பு. செல்போனில் மாசக்கணக்காகத் தேடி, இன்ஜினியர்கள் படிக்கிற இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் பிடித்து, லாவண்யாவின் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டார்.

நடுவில் எட்டுப் பக்கம் முழுக்கத் துணிப் படம். அந்தக் கடையில் பாதி வேலையே சேலை டிசைன் பிரிண்ட்தான். "இன்னாம்மா, எவனோட சேலையையோ கொண்டாந்து என் ரேஸ் கார்ல கலந்துட்டியே!" என்று எரிந்து விழுந்து, எட்டையும் உருவி அவள் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்தார்.

போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து ஒரு மாசம் படித்தவர், ஒரு வரியில் வந்து நின்றார். கார்பன் நூலைத் துணியாக நெய்து, பசை ஏற்றி இறுக்கியதுதான் ரேஸ் காரின் உடம்பு. அந்த நெசவைப் போன அத்தியாயத்தில் படங்களோடு பார்த்தோம் என்றது புத்தகம்.

மொத்தப் புத்தகத்திலும் அவருக்குப் புரிந்திருக்கக்கூடியது அந்த எட்டுப் பக்கம்தான்! 'நீயெல்லாம் ஒரு நெசவாளி, தூ' என்று தன்னையே திட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

"அதுங்களா?" என்றாள் லாவண்யா. "உங்க எதிர்வீட்டு பரசுராமன் அண்ணன் அன்னிக்கே கேட்டு வாங்கிகினு போய்ட்டாருங்க. பார்டருக்கு எடுப்பா இருக்குமாம். இப்ப ரெண்டாவது சேலை தறியில ஓடிகினு இருக்குது."