ஸ்வெட்டர் போட்டால் ஏறும் கோடு

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில், ஆராய்ச்சி மாணவியாக நான் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாத கம்பியைப் படுக்கவைப்பது. துத்தநாக ஆக்சைடு நானோகம்பி. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆல்கஹாலில் கலக்கி ஒரு சொட்டு விட்டு மின்னழுத்தம் கொடுத்தால், இரண்டு தங்கப் பட்டைகளுக்கு நடுவே ஏதாவது ஒன்று பாலம்போல் விழும். பத்துச் சொட்டில் ஒன்பது வீண். விழுந்ததில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளக்க வேண்டும். திரையில் ஒரு கோடு ஓடும்.

அந்தக் கோடு என்னிடம் மட்டும் வம்பு செய்தது. நான் குனிந்தால் ஏறும், விலகினால் இறங்கும். மற்றவர்கள் குனிந்தால் கம்மென்று கிடக்கும். "உன்மேல ஏதோ ஏறியிருக்கு, வேப்பிலை அடிக்கணும்" என்று உடன் படித்தவள் கேலி செய்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் ஏ.சி. பழுதாகிப் புழுங்கியது. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். கோடு அசையவில்லை.

ஸ்வெட்டர் அண்ணனுடையது. எர்ணாவூர் வீட்டில், அவன் உரக் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஆணியில் மாட்டுவதை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் பஸ் பிடிப்பேன். அம்மோனியா பட்டால் அந்தக் கம்பியில் மின்சாரம் கூடும். எங்கள் மூக்குக்கு அது பழகிப்போன வாடை. ஆனால் இருமல் தாங்காமல், அம்மோனியா கேஸ் பக்கத்தை விட்டு மூட்டை ஏற்றும் லோடிங்குக்கு மாறிவிட்டதாக அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தான் அண்ணன்.

அன்று சாயங்காலமே கேட்டேன். சிரித்தான்.

"இன்னாமே, உன் மிஷினு போலீஸா? அம்மா கைல சொல்லிடாத, பேஜாராயிடும். பொங்கலுக்கு அப்பால மாறிக்கிறேன்."

சொல்லவில்லை. கம்பி நன்றாக உணர்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அதில் பெருமை வேறு பட்டேன், பாவி.

பொங்கலுக்கு முன்னால் கம்பெனியில் வால்வு ஒன்று விட்டுப்போய்க் கேஸ் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், ஆணியில் இருந்த ஸ்வெட்டரோடு லேபுக்குப் போனேன். இத்தனை நாளில் வாடை பறந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் போட்டுக்கொண்டு குனிந்தேன். கோடு படுத்தே கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கிட்டே போனேன். சோப்பு வாசம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து, ஏன் துவைத்தாய் என்று அம்மாவிடம் கத்தினேன்.

"கலீஜா கீதேன்னு தொவச்சேன். நீதானே போட்டுகினு போவே" என்றாள். கொஞ்சநேரம் கழித்துக் கேட்டாள்: "ஏம்மா, லோடிங்ல இருந்தவனுக்கு எப்டி கேஸு அடிச்சுது?"

இன்றும் கேட்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.