மேயா அடையாளம் காட்டிய மாலை

அங்கியாரி என்கிற மலைக்கோட்டை ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து மேயாவால் நிம்மதியாக ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. மாவு பிசைவாள், பாதியில் எழுந்து கோட்டைச் சுவரருகே போய் நிற்பாள். சமவெளிக்கு அப்பால் அவள் பிறந்த போர்கோவின் கோபுரங்கள் தெரியும். ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம் என்கிற தூரம்தான். ஆனால் போர்கோ மிலானின் பக்கம், அங்கியாரி ஃபுளோரன்ஸின் பக்கம். பெரிய நகரங்கள் இரண்டும் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு முறைத்துக்கொண்டால், இங்கே சம்பந்திகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்ள வேண்டும்! எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

அவள் கணவன் நோஃப்ரி கோவேறு கழுதை ஓட்டுகிறவன். தங்கமான மனுஷன், ஆனால் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. பொது அடுப்பில் ரொட்டி சுடவரும் பெண்களோ வாயாலேயே ஊசியாகக் குத்துகிறவர்கள். "ஏண்டி மேயா, உங்க ஊர்க்காரங்க எப்ப வர்றாங்கன்னு உனக்கு ஆள் அனுப்பலையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மேயாவும் சிரித்து வைப்பாள்.

அந்த வாரம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி நூல் விற்க வந்தவன் ஒரு சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தான். அங்கியாரி விழுந்தால் வீடுகளில் இருப்பதெல்லாம் உங்களுக்கே என்று மிலான் தளபதி போர்கோக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறானாம். ஊரே உட்கார்ந்து கோணி தைக்கிறதாம். சண்டைக்குப் போகிறவன் வேல் எடுப்பான், வாள் எடுப்பான். கோணியும் கயிறும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களை உலகத்திலேயே போர்கோவில்தான் பார்க்கலாம். கூட்டம் எங்கே ஓடினாலும் முன்னால் ஓடுகிற ஒருவன் அந்த ஊரில் இருந்தான். கோரோ, அவள் தம்பி. அவன் பிறந்ததும் அம்மா படுக்கையில் விழுந்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் மேயாதான்.

ஜூன் மாதக் கடைசியில், இராயப்பர் சின்னப்பர் என்ற புனிதர்களின் திருநாளன்று மதியம், வெயில் மண்டையைப் பிளந்தது. மலையடிவாரத்தில் ஃபுளோரன்ஸ் வீரர்கள் கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மர நிழலில் கிடந்தார்கள். போர்கோவிலிருந்து வருகிற நேர்ச்சாலையில் புழுதி எழும்பியது. குதிரைகளுக்குப் பின்னால் ஒழுங்கில்லாமல் ஒரு கூட்டம் ஓடிவந்தது; மேயா சுவர் மேலிருந்து அதன் முன்வரிசையில் தம்பியைத் தேடினாள். ஊதுகொம்பு முழங்கியது. அடிவாரத்துச் சிறு பாலத்தில் இவர்கள் அவர்களைத் தள்ள, அவர்கள் இவர்களைத் தள்ள, பொழுது சாயும்வரை அதே கூத்து. அத்தனை நேரமும் மேயா சுவருக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று யாரிடம் வேண்டுவது? வீட்டில் பிள்ளைகள், கீழே தம்பி. கடைசியில் மிலான் படை சிதறி ஓடியது.

பிடிபட்ட கூலிப்படை வீரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குதிரையையும் கவசத்தையும் பிடுங்கிக்கொண்டு, உள்சட்டையோடு விட்டுவிடுவார்கள். வைத்துச் சோறு போட யாரால் முடியும்? நாளைக்கே அவன் நம் பக்கம் கூலிக்கு வந்தாலும் வருவான். ஊர்க்காரன் கதை வேறு. அவனுக்கு வீடு இருக்கிறது, விற்று மீட்க ஆள் இருக்கிறார்கள். மீட்கும்வரை நிலவறைதான். இது தெரிந்துதான் போர்கோக்காரர்கள் கோணியையும் மேலங்கியையும் வீசிவிட்டு வீரர்களோடு வீரர்களாக உள்சட்டையில் நின்றுகொண்டார்கள்.

எவன் படையாள், எவன் கடைக்காரன் என்று தெரியாமல் ஃபுளோரன்ஸ் அதிகாரி எரிச்சலில் இருந்தார். கயிறு சுமந்து வந்திருந்த நோஃப்ரிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "ஐயா, என் வீட்டுக்காரி போர்கோவுல பொறந்தவ. அவ கண்ணுல இருந்து ஒருத்தனும் தப்ப முடியாது" என்று பெருமையாகச் சொன்னான். மச்சினன் அந்த வரிசையில் நிற்பான் என்று பாவி கனவிலும் நினைக்கவில்லை.

மேயாவை இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார்கள். ஒருவனை மறைத்தாலும் புருஷனும் பொண்டாட்டியும் துரோகிகள்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். சுவர் மேல் ரொட்டி அடுப்புப் பெண்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

முதலில் நின்றவர்களை அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அப்புறம் கோரோ நின்றான். சாயப்பட்டறை நீலம் ஏறிய நகங்களை மறைக்கக் கைகளை இறுக மூடியிருந்தான். அவன் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவனை மீட்க விற்பதென்றால் அம்மா படுத்திருக்கும் வீடு ஒன்றுதான்.

"இவரு படையாளுதான் போல. தெரியாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அடுத்தவர் செக்கோ. கோரோவின் பட்டறை முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர். அம்மா படுத்துவிட்டபோது கோரோவுக்குப் பால் கொடுத்தவள் அவர் மனைவி. அவரையும் தாண்டிப் போய்விடத்தான் மேயா காலெடுத்தாள்.

"யாரையுமே தெரியலையா அம்மா?" என்றார் அதிகாரி. அந்தக் குரலில் சந்தேகம் இருந்தது.

அவள் கை தானாக எழுந்தது. "செக்கோ. சாயக்காரர்" என்றாள். சொன்ன நாக்கை அங்கேயே அறுத்துப் போடலாம்போல் இருந்தது அவளுக்கு.

கிழவர் தப்பித் தவறிக்கூட கோரோ பக்கம் திரும்பவில்லை. வீரர்கள் அவரைப் பிடித்து இழுத்த இழுப்பில் முகம் குப்புற விழுந்தார்.

"நானும் போர்கோதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கோரோ வரிசையை விட்டு வெளியே வந்து, மூடியிருந்த கைகளை விரித்துக் காட்டினான்.

"இந்தம்மா உன்னைத் தெரியாதுன்னாங்களே?" என்றார் அதிகாரி.

"அவங்க கல்யாணமாகிப் போனப்புறம்தான் நான் அந்த ஊருக்குப் பிழைக்க வந்தேன். என்னை எப்படித் தெரியும்? அவரு என் முதலாளி, வயசானவரு. அவரோட சேத்துக் கட்டுங்க."

நோஃப்ரி அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தான். தன் கல்யாணத்தில் தோளில் கைபோட்டு ஆடிய மச்சினன். கயிறு கையிலிருந்து நழுவியது. வாழ்நாளில் முதல்தடவையாக அவன் வாய் மூடிக்கிடந்தது.

"நிஜந்தானா அம்மா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

மேயா நன்றாகப் பார்த்தாள். தாடி முளைத்திருந்தது, நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. துடைத்துவிடக் கை பரபரத்தது. அவன் வேண்டுமென்றே அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியாது ஐயா" என்றாள்.

இருவரையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். அதிகாரி அவளை அடுத்த ஆளிடம் போகச் சொன்னார், போனாள். மறுநாள் விடிந்ததும் கைதிகளை எங்கெங்கோ பிரித்து அனுப்பினார்கள். எந்த வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று மேயா யாரிடமும் கேட்கவில்லை. தெரியாத ஒருத்தனைப் பற்றி எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்?