காந்தத்தைத் தூக்காத பளபளப்பு வில்லை

காந்தம் லேசாக நடுங்கியது. பிறகு வில்லையின் மேலேயே படுத்துவிட்டது.

"என்னம்மா, மிதக்கும்னு சொல்லிப்புட்டு இப்படிப் படுத்துருச்சு?" என்றார் செல்வராசு அண்ணன். மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர். ஊசிக் குப்பிகளைக் குளிரில் வைக்கும் திரவ நைட்ரஜனில் ஒரு பிளாஸ்க் எங்கள் ஆய்வகத்துக்கும் தருவார். "மாட்டுக்கு வச்ச நைட்ரஜனாச்சே, அதான் ஒங்க வில்லை மதிக்கல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ரிவ்யூ. புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் புராஜெக்ட் அசிஸ்டென்ட். என் வேலை இன்னொரு வருடம் நீளுமா என்பது அங்கேதான் முடிவாகும். ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சம்பளம் போவதைவிட, ஆய்வகத்தின் பர்னஸ் உலையை விட்டுப் போவதுதான் வலித்திருக்கும்.

இட்ரியம், பேரியம், காப்பர் ஆக்சைடு பொடியை பிரஸ்ஸில் அழுத்தி, பர்னஸில் சுட்டு, பிறகு ஆக்சிஜன் ஓட்டத்தில் வைப்போம். ஆக்சிஜன் உள்ளே போனால்தான் குளிரில் அது சூப்பர் கண்டக்டர் ஆகி, மேலே வைத்த காந்தத்தை மிதக்க வைக்கும். முதலில் செய்த வில்லை ஓரம் உடைந்த தட்டை மாதிரி இருந்தது. ஆனாலும் காந்தத்தைத் தூக்கியது. ரிவ்யூவுக்கு அழகாக வேண்டும் என்று இந்த முறை கூடுதலாக அழுத்தினேன், கூடுதல் நேரம் சுட்டேன். அப்படிச் செய்த இரண்டு புது வில்லைகளும் கறுத்துப் பளபளத்தன. ஆக்சிஜனில் மட்டும் பழையபடி பன்னிரண்டு மணி நேரம்.

பொடி கெட்டுவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். அதே டப்பாப் பொடிதான் பழையதிலும். புது வில்லைகள் இரண்டில் ஒன்றை உடைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பழைய வில்லையின் உடைந்த துண்டையும் வைத்தேன். பழையதில் எங்கும் துளைகள். புதியதில் பொடியின் மணிகள் பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, துளையே இல்லை. ஆக்சிஜன் எந்த வழியாகப் போகும்? ஓரத்தில் மட்டும் கொஞ்சம் போயிருக்க வேண்டும். காந்தம் லேசாக நடுங்கியது அதனால்தான்.

திரும்ப ஆக்சிஜனில் வைக்க நாள் இல்லை. புராஜெக்டை நடத்தும் மேடத்திடம் சொன்னேன்.

"பழசை மட்டும் காட்டும்மா. இத ஏன் தூக்கிக்கிட்டு வர்றே?"

"ரெண்டையும் காட்டுறேன் மேடம். தூக்காதது ஏன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? நாளைக்கு கேட்டா என்ன சொல்லுவே?"

"நினைக்கிறேன்னுதான் சொல்லுவேன்."

ரிவ்யூவில் பழைய வில்லை காந்தத்தைத் தூக்கியது. மதிப்பிட வந்த சார் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மற்றதைக் கையில் எடுத்தார்.

"இவ்வளவு நல்லா சுட்டிருக்கீங்க. ஏன் தூக்கல?"

நான் மைக்ராஸ்கோப் படங்களைக் காட்டிச் சொன்னேன்.

"அப்ப இதை ஆக்சிஜன்ல இன்னும் எத்தனை நாள் வைப்பீங்க?"

"தெரியல சார். தினமும் எடுத்துப் பார்ப்பேன்."

அவர் மேடத்தைப் பார்த்து, "பார்க்கட்டும்" என்றார். அதுதான் என் எக்ஸ்டென்ஷன்.

திரும்ப ஆக்சிஜனில் வைத்த ஐந்தாம் நாள் அதே வில்லை காந்தத்தைத் தூக்கியது. செல்வராசு அண்ணன் காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவே ஒரு காகிதத்தை விட்டு எடுத்துப் பார்த்தார். "இம்புட்டு நாளா என்ன பண்ணுச்சு இது?"

"மூச்சு வாங்குச்சு அண்ணே."

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: செய்முறையில் ஒன்றை மாற்றினால், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொன்றையும் திரும்பக் கேளுங்கள். நான் பிரஸ்ஸிலும் பர்னஸிலும் மாற்றினேன், ஆக்சிஜன் கடிகாரத்தில் மாற்றவில்லை.