இரண்டாம் கியரைப் பிடித்திருந்த கை

சூடேறிய கிளட்சின் வாசனையும் ஈரக் கொழுந்தின் வாசனையும் கலந்துதான் அப்போதெல்லாம் எனக்குக் காலை விடியும்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் குடியிருந்தேன். நான் படிப்பித்த பள்ளிக்கூடம் கீழே, பெரிய ரோட்டோரம். இடையில் ஐந்து கிலோமீட்டர் இறக்கம், பஸ் கிடையாது. சண்முகம் அண்ணனின் பழைய பிக்கப் கடைச்சாமான் ஏற்றக் காலையில் டவுனுக்கு இறங்கும். பின்னால் என் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர், முன்சீட்டில் நான்.

ஏறிய முதல் வாரமே அண்ணன் சொன்னார்.

"டீச்சர், இந்த ரெண்டாவது கியரு கொஞ்சம் வெளையாடுது. பெரிய வளைவு தாண்டுற வரைக்கும் இத பின்னுக்கு இழுத்து புடிச்சிக்குங்க. எனக்கு ஸ்டியரிங்குக்கே ரெண்டு கையும் பத்தல."

பிடித்தேன். இரண்டு வருடம், ஒவ்வொரு காலையும்.

பஸ்ஸில் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி ஓர் உதவி என்றுதான் நினைத்தேன். சில நாள் ஒரு கையால் கியரைப் பிடித்துக்கொண்டே மறு கையால் வடை சாப்பிட்டிருக்கிறேன்...

ஒரு மழைக்காலக் காலை. முன்கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிட்டது. அண்ணன் ஒரு கையால் துடைக்கத் தடுமாறினார். உதவலாமே என்று கியரை விட்டுவிட்டுத் துணியை வாங்கினேன்.

டக்கென்று ஒரு சத்தம். கியர் தானாக நடுவுக்கு வந்து நின்றது.

இன்ஜின் முனகல் அடங்கி, வண்டி ஊஞ்சல்போல லேசாகிப் பாய்ந்தது. அண்ணன் பிரேக்கை இரண்டு தரம், மூன்று தரம் மிதித்தார். பிறகு ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். இடது சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, வண்டி மண் திட்டை உரசிக்கொண்டே போய் நின்றது.

எதிரே பெரிய வளைவு. அதற்கு அப்பால் வெறும் பனி.

ஒரு பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி விட்டதும், வண்டியை விட்டிருந்த டவுன் கராஜுக்குப் போனேன். அண்ணனும் அங்கே நின்றார். மெக்கானிக் நிசாம் பாஸ் கியர்பொக்ஸைக் கழற்றிப் பரப்பியிருந்தார். பல்சக்கரம் ஒன்றைத் துடைத்து என் கையில் வைத்தார். இரண்டு சீப்பைப் பல்லோடு பல் கோத்தால் பிடித்து நிற்கும் அல்லவா? பல் தேய்ந்த சீப்பு வழுக்கிவிடும். அதே கதைதான். அந்தச் சக்கரத்தில் பல் இருந்த இடம் விரலுக்கு வழவழவென்று இருந்தது.

"யாரு டீச்சர் கியர புடிச்சிக்கிட்டு வந்தது?"

"நான்தான் பாஸ்."

"எத்தன நாளு?"

"ரெண்டு வருஷம்."

பாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பிரேக்கும் பாதிதான் இருக்கு. இந்த எறக்கத்துல வண்டிய அடக்கிக்கிட்டு வந்தது உங்க கைதான் டீச்சர்."

 ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனைப் பார்த்து, "ஏண்ணே எனக்கு ஒரு வார்த்த சொல்லல?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். "சொன்னா கை நடுங்கும் டீச்சர். கழட்டி போட்டா வண்டி ஓடாது, புள்ளைங்க நடக்கணும்... இந்தா அந்தான்னு தள்ளிக்கிட்டே போயிட்டேன்."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்றோருக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்று அன்று மாலையே தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் தண்ணீர்ப் பைப்படியில் நின்றார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

யாரும் திடுக்கிடவில்லை.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா தங்கமணி குடத்தை இறக்கி வைத்தாள். "தெரியும் டீச்சர். அதனாலதானே நீங்க லீவு போடுற அன்னைக்கு புள்ளைங்கள வீட்டுலயே வச்சிக்கிறோம்."

பிள்ளைகளின் வரவைக் குறிக்கும் என் இடாப்பு கண்ணுக்கு முன்னால் விரிந்தது. நான் லீவு எடுத்த மறுநாளெல்லாம் அந்தப் பதினொரு பேரையும் எழுப்பி நிற்க வைத்து, "டீச்சர் வராட்டி உங்களுக்கும் லீவா?" என்று ஏசியிருக்கிறேன். அவர்களும் பேசாமல் நின்றிருக்கிறார்கள்.

"இத்தன பேரு உசுரு என் கையில இருக்குன்னு எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க முன்னுக்கு ஏற மாட்டீங்களே டீச்சர்," என்றாள் தங்கமணி. அவள் சிரிக்கவில்லை.

வண்டியைத் திருத்தி எடுக்க ஒரு மாதமானது. அதுவரை எல்லோரும் நடந்தோம், நானும்தான்.

இப்போது அங்கே மேடுபள்ளமில்லாத கார்பட் ரோடு. ஸ்கூல் வேன் எந்த வளைவில் வருகிறது என்று போனிலேயே பார்க்கிறார்கள். "அந்தக் காலத்து நம்பிக்கை இப்ப எங்க டீச்சர்?" என்று யாராவது கேட்டால் என்னால் தலையாட்ட முடிவதில்லை. 

போன மாதம் ஹட்டனில் தங்கமணியின் மகளைப் பார்த்தேன். தன் பையனை வேனில் ஏற்ற வந்திருந்தாள். ஏற்றுவதற்கு முன் டிரைவரைக் கொஞ்ச தூரம் ஓட்டவிட்டு, நிறுத்தச் சொல்லி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தாள். டிரைவர் என்னிடம் முறையிட்டார். "தெனமும் இதான் டீச்சர். லைசன் எடுக்க போனப்பகூட இவ்வளவு கேக்கல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேன் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பிக்கப்ல பின் கண்ணாடி வழியா உங்க கையத்தான் பாத்துக்கிட்டே வருவோம் டீச்சர். தெனம் ஒருத்தர் மொற. கை நழுவினா சத்தம் போடணும், எல்லாரும் மலப்பக்கமா குதிக்கணும்னு பேசி வச்சிருந்தோம்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு என் மொற டீச்சர். கண்ணாடியெல்லாம் பனி... எனக்கு ஒன்னும் தெரியல."

அப்போது அவளுக்கு ஒன்பது வயது.