ஆள் மாறிய மன்னிப்பு

கபடி லீக்கைப் பற்றி யாராவது புகழ்ந்து பேச ஆரம்பித்தால் இப்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுகிறேன். இத்தனைக்கும் பல வருஷம் நானே அந்தப் பைத்தியமாகத்தான் அலைந்தேன். தாராவியில் லெதர் பை தைக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. சீசன் வந்துவிட்டால் சாயங்காலம் மெஷின்களை நிறுத்திவிட்டு, தைக்கிற ஆட்களோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எந்த அணி என்று சொல்லப்போவதில்லை. அந்த விளம்பரம்கூட அவர்களுக்கு என்னால் கிடைக்கக் கூடாது. அதன் முன்னணி ரெய்டருக்காகத்தான் பார்த்தேன். அவன் கோட்டைத் தாண்டினால் எதிரே நிற்கிற ஏழு பேரும் தன்னாலே பின்னுக்குப் போவார்கள். அவன் பெயர் போட்ட பனியனைக் கல்யாண வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போய் என் ராத்தாவிடம், அதாவது அக்காவிடம், திட்டு வாங்கியிருக்கிறேன்.

ராத்தாவின் கணவர், என் மச்சான், செம்பூரில் ஒரு ஹோட்டல் வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார். வீடு விக்ரோலியில். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஒருநாள் மத்தியானம் ஒரு பெரிய கார் வந்து நிற்க, வழக்கம்போல டிக்கியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். எல்லாக் காரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அதுதான் அவர் வேலை. உள்ளே இருந்தவன் இறங்கி வந்து, “நான் யாருன்னு தெரியுமா?” என்று இந்தியில் கேட்டு, பதில் வருவதற்குள் கன்னத்தில் ஓர் அறை விட்டான். மச்சானின் தொப்பி கீழே விழுந்தது. பின்னால் நின்ற கார் டிரைவர் ஒருவர் போனில் அதை எடுத்துவிட்டார். இல்லாவிட்டால் அப்படி ஒன்று நடந்ததாகவே யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மச்சான் எனக்குப் போன் செய்தார். “ஒன் ஆளுதாம்ல அடிச்சது” என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். ஏதோ எனக்குத்தான் சங்கடமான செய்தியைச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

லீக்காரர்கள் விசாரணைக் குழு போட்டார்கள். இரண்டு ஆட்டத்துக்குத் தடை. அவனுக்கு ஏற்கெனவே முழங்காலில் அடி. அந்த இரண்டு ஆட்டமும் அவன் எப்படியும் ஆடியிருக்க மாட்டான். இதற்குப் பெயர் தண்டனை. டிவியில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்த பழைய ஆட்டக்காரர்கள், “உணர்ச்சிவசப்படுகிற பையன், அந்த வேகம்தான் அவனுடைய பலம்” என்றார்கள். கிழட்டு ஜால்ராக்கள். எதிரணிக்காரனைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடுவதற்கும், வேலை செய்துகொண்டிருக்கிறவரைக் கன்னத்தில் அறைவதற்கும் ஒரே வேகம்தான் வேண்டுமாம்.

இவர்களாவது சம்பளத்துக்குப் பேசுகிறார்கள். எங்கள் டீக்கடை ஆட்கள் இனாமாகப் பேசினார்கள். என்னோடு சேர்ந்து அத்தனை வருஷம் ஆட்டம் பார்த்த ஒருத்தன், “அவர் கை மேல படறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும் வே, ஒங்க மச்சான் கன்னத்தைக் கழுவாம வெச்சிக்கிடச் சொல்லும்” என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கடைக்கு அப்புறம் போகவில்லை.

தடை முடிகிற சமயத்தில் அணியின் விளம்பரக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் மச்சானைத் தேடி விக்ரோலிக்கு வந்தாள். ஆட்டக்காரர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பார், அதைப் படம் எடுத்துப் போடுவோம் என்றாள். மச்சானுக்கு இஷ்டமில்லை. ஆனால் செக்யூரிட்டி ஏஜென்சியின் சூப்பர்வைசர் முந்தின நாளே போன் போட்டு, “ஒத்துழைச்சா எல்லாருக்கும் நல்லது” என்று சொல்லிவிட்டான். வந்தவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். டைல்ஸ் தரை, ஃபிரிட்ஜ், பிள்ளைகளின் கம்ப்யூட்டர். அவள் முகம் சுருங்கிப்போனதாக ராத்தா சொன்னாள். எதிர்பார்த்த ஏழ்மை அங்கே இல்லை. வேறு இடம் உண்டா என்று கேட்டு, தாராவியில் தம்பிக்குப் பட்டறை இருக்கிறது என்றதும்தான் அவளுக்கு உயிர் வந்ததாம்.

வேண்டாம் என்றுதான் மச்சானிடம் சொன்னேன். “வந்து சொல்லிட்டுப் போட்டும்ல. நேருக்கு நேரா கேட்டான்னா எனக்கும் மனசு ஆறும்” என்றார். சரி, வரட்டும் என்றேன்.

அன்றைக்கு என் பட்டறையில் இருந்த டியூப்லைட்டைக் கழற்றி மஞ்சள் விளக்கு மாட்டினார்கள். அடுக்கி வைத்திருந்த தோலைத் தரையில் பரப்பினார்கள். மச்சான் யூனிஃபார்ம் இல்லாமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஓரமாக நின்றார். நான் வேலைச் சட்டையோடு மெஷின் பக்கத்தில் நின்றேன். வெளியே சந்து முழுக்க ஆட்கள். அறை வாங்கியவரைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை, அறைந்தவனைத்தான் பார்க்க வந்திருந்தார்கள்.

அவன் உள்ளே நுழைந்தான். கறுப்புக் கண்ணாடி, மூக்கை அடைக்கிற சென்ட். கேமராவை ஒரு தடவை பார்த்தான். நேரே என்னிடம் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். “பாய்சாப், மாஃப் கர் தோ. அன்னிக்கு என் தப்பு” என்றான். நான் திகைத்துப்போனேன். என் கை தானாக அவன் முதுகில் போய் ஒருமுறை தட்டியது. அதை நினைத்தால் இன்றைக்கும் கையை வெட்டிப்போடலாம் போல இருக்கிறது.

பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது. “நீங்க அடிச்சது என்னை இல்ல. அதோ நிக்கிறாரு, அவரை” என்று இந்தியில் சொன்னேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றி மச்சானைப் பார்த்தான். அடையாளம் தெரிந்த சுவடுகூட அவன் முகத்தில் இல்லை. அடித்த முகம் அவனுக்கு நினைவில்லை, பார்த்தே அடிக்கவில்லை. “யூனிஃபார்ம்ல இல்லையே, அதான்” என்று சிரித்தான். அந்தப் பெண், “பரவாயில்லை, இன்னொரு டேக் போயிடலாம்” என்றாள்.

மச்சான் அவன் முன்னால் வந்து நின்றார். “வேண்டாம்” என்றார். “ஒங்களுக்கு யார்ட்ட கேக்கணும்னே தெரியல. தெரிஞ்சப்புறம் வாங்க.” குரலை உயர்த்தவில்லை. டிஃபன் பையை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாளில் வீடியோ வந்தது. அவன் என்னைக் கட்டிக்கொள்கிறான், நான் முதுகில் தட்டுகிறேன், பின்னால் உருக்கமாக வயலின். நான் வாயைத் திறக்கிற இடத்தில் வெட்டிவிட்டார்கள். செக்யூரிட்டி நான்தான், மன்னித்தவனும் நான்தான். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து கத்தினேன். “மெசேஜ் போய்ச் சேர்ந்திடுச்சு சார், ரொம்ப பாசிட்டிவா இருக்கு” என்றாள். அப்புறம் என் போனை அவள் எடுக்கவில்லை. லீக்குக்குப் புகார் அனுப்பினேன். ரசிகரின் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஏஜென்சி மச்சானை ஹோட்டலிலிருந்து தூக்கி முலுண்டில் ஒரு குடோனுக்கு மாற்றியது. கொஞ்ச நாளில் அவரே அதை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூட வாசலில் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகள் சலாம் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். அது பிடித்திருக்கிறது என்கிறார். நடந்ததைப் பற்றி அவர் பேசுவதில்லை. ராத்தாதான் விடமாட்டாள்: “வாங்காத அடிக்கு மன்னிப்புக் குடுத்த ஆளுல்லா நீ” என்பாள்.

அவன் இந்த சீசனில் கேப்டன். முன்வரிசையில் கோடீஸ்வரர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். டீக்கடை ஆட்களும் தட்டுவார்கள். பட்டறையில் டிவியைக் கழற்றிவிட்டேன். பையன்கள் போனில் பார்த்துக்கொள்கிறார்கள், நான் தடுப்பதில்லை. போன வாரம் மாட்டுங்காவிலிருந்து பை வாங்க வந்த ஒரு பெரியவர் என்னை உற்றுப் பார்த்து, “நீங்கதானே அந்த வீடியோவில வந்தது? ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு” என்றார்.

“இல்லை சார், அவ்வளவு பெரிசு எல்லாம் கிடையாது” என்று சொல்லிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை நிற்க வைத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இருந்தாலும் நல்ல ரெய்டர் சார் அவன்” என்றார்.